உத்தரவு கையில் இருக்கிறது, ஸ்டேஷனில் இல்லை

கேள்வி: குடும்ப வன்முறை வழக்கில் என் கணவருக்கு எதிராக நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. அதன்பின் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு மாவட்டத்துக்கு வந்து வேலையில் சேர்ந்துவிட்டேன். போன மாதம் அவர் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். இங்குள்ள காவல் நிலையத்துக்குப் போனேன். "எங்களுக்கு அப்படி எந்த ஆர்டரும் வரவில்லை, அங்கேயே போய்க் கேளுங்கள்" என்றார்கள். பழைய ஊர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், "வந்திருக்கும், தேடிப் பார்க்கணும்" என்கிறார்கள். உத்தரவு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, அப்பீல் போட்டாரா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் எனக்குத் தெரிவிக்க ஓர் ஏற்பாடே கிடையாதா? அலுவலகத்தில் சொல்லி வைக்கலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த ஊர்ப் பெயர்களையும் அலுவலகத்தின் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் மேலே தந்திருக்கிறேன். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு முகவரி எங்கே எழுதப்படுகிறது என்பதே பாதிப் பாதுகாப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது இருக்கும் ஊரின் ஸ்டேஷனில் உங்களுக்குச் சொன்னதில் பாதி உண்மை, பாதி தவறு. "எங்களுக்கு வரவில்லை" என்பது உண்மையாகவே இருக்கும். "அங்கேயே போங்கள்" என்பது தவறு.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அதன் 24-ஆம் பிரிவு, நடுவர் பிறப்பிக்கும் எந்த உத்தரவின் நகலும் இரு தரப்புக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் போக வேண்டும் என்கிறது. எந்தக் காவல் நிலையம்? எந்த நடுவரிடம் மனு போட்டீர்களோ, அவருடைய எல்லைக்குள் இருக்கும் நிலையம். நீங்கள் பிறகு குடிபோகும் ஊரைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. நகலை யார் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்தாயிற்று என்று உங்களுக்கு யார் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இல்லை. நீங்கள் அலைவதற்குக் காரணம் ஒரு ஸ்டேஷனின் அலட்சியம் மட்டுமல்ல. சட்டத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறது.

ஆனால் அதே சட்டத்தின் 27(2) பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே பக்கத்து மாவட்டத்து உத்தரவு என்று தள்ளிவிட எந்த நிலையத்துக்கும் அதிகாரம் இல்லை. சிக்கல் என்னவென்றால், உங்கள் மனு குற்ற வழக்கு மாதிரி எஃப்.ஐ.ஆரில் தொடங்கியது அல்ல. நடுவரிடம் நேராகக் கொடுத்த மனு. எஃப்.ஐ.ஆர். எண் கேட்டுக் கணினியில் தேடிப் பழகிய ஸ்டேஷன் ரைட்டருக்கு உங்கள் உத்தரவைத் தேட எண்ணே இல்லை. கையில் காகிதத்தைக் காட்டினால்தான் உண்டு.

சரி, அந்தக் காகிதத்தை எப்படி ஸ்டேஷன் மேசைக்குக் கொண்டுபோவது? இதற்குச் சட்டத்தின் விதிகளில் ஒரு நல்ல வழி இருக்கிறது. வக்கீல்களே அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். விதி 10-இன்படி, நடுவர் எழுத்துமூலம் கட்டளையிட்டால், உத்தரவை நடைமுறைப்படுத்த, இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் உதவியே ஆக வேண்டும். "எழுத்துமூலம்" என்பதுதான் முக்கியம். உத்தரவு வந்த சந்தோஷத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தக் கட்டளையைக் கேட்டு வாங்குவதில்லை.

உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி அதே நீதிமன்றத்தில் ஒரு சிறிய மனு போடச் சொல்லுங்கள். அதில் மூன்றே கோரிக்கை போதும். உத்தரவின் நகலை எதிர்மனுதாரருக்கு, அதாவது உங்கள் கணவருக்கு, பாதுகாப்பு அலுவலர் மூலம் சார்வு செய்ய வேண்டும், அதாவது முறைப்படி அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பழைய ஊர், புதிய ஊர் ஆகிய இரண்டு காவல் நிலையங்களுக்கும் நகல் அனுப்பி ஒப்புகை பெற வேண்டும். இவை நடந்த தேதிகளோடு ஓர் அறிக்கையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன் நகலை மனுதாரருக்குத் தர வேண்டும். மூன்றாவது கோரிக்கையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டும் நடந்தனவா என்று உங்களுக்குத் தெரியவரும் உறுதியான வழி அதுதான். வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

மனு முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம். நகல் மனு போட்டு, நீதிமன்ற முத்திரையுள்ள சான்றிட்ட நகல்கள் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு இப்போதைய ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு கவரிங் லெட்டர் எழுதிப் போங்கள். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், உத்தரவின் தேதி, அவர் என்னென்ன செய்யக்கூடாது என்று உத்தரவு சொல்கிறதோ அந்த வரிகள், இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பணியில் இருக்கும் எஸ்.ஐ.க்குப் பன்னிரண்டு பக்க உத்தரவைப் படிக்க நேரம் இருக்காது, ஒரு பக்கத்தைப் படித்துவிடுவார். உங்கள் கையில் இருக்கும் இரண்டாவது பிரதியில் நிலைய முத்திரை, தேதி, வாங்கியவரின் கையெழுத்து மூன்றும் விழ வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுத் தந்தால் இன்னும் நல்லது. "வைத்துவிட்டுப் போங்கம்மா, பார்த்துக்கிறோம்" என்றால் வாக்குவாதம் செய்யாமல் வெளியே வந்து, அதே கடிதத்தை ஒப்புகையோடு தபாலில் அந்த நிலையத்துக்கும் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.

பழைய ஊர் ஸ்டேஷன் "தேடிப் பார்க்கணும்" என்று எத்தனை முறை சொன்னாலும் போனில் பதில் வராது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். சாதாரணமாக 30 நாள் அவகாசம் இருந்தாலும், ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதன் 7(1) பிரிவு சொல்கிறது. மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, "இன்ன தேதியிட்ட இந்த உத்தரவின் நகல் இந்த நிலையத்தில் பெறப்பட்ட தேதி என்ன, எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணில் பதியப்பட்டுள்ளது, எதிர்மனுதாரர் உத்தரவை மீறி என் அலுவலகத்துக்கு வந்ததால் இது என் உயிர்ப் பாதுகாப்பு தொடர்பான தகவல்" என்று எழுதுங்கள். 48 மணி நேரத்தில் வந்துவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் அந்த மனு போய்ச் சேர்ந்ததும் தேடாமல் கிடந்த காகிதம் தேடப்படும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அவர் கைக்கு உத்தரவு போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். இரண்டு காரணம். நாளை அவர்மேல் மீறல் வழக்கு வந்தால், முதல் பதில் "எனக்கு அப்படியோர் உத்தரவு இருப்பதே தெரியாது" என்பதாக இருக்கும். அவர் நேரில் ஆஜராகி, வாதாடி, அதன்பின் வந்த உத்தரவு என்றால் இந்தப் பேச்சு எடுபடாது. அவர் வராமலேயே ஒருதலைப்பட்சமாகப் பிறந்த உத்தரவு என்றால் எடுபடக்கூடும். இரண்டாவது, மேல்முறையீடு. 29-ஆம் பிரிவின்படி செஷன்ஸ் நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய 30 நாள். அந்த 30 நாள் உத்தரவு பிறந்த தேதியிலிருந்து அல்ல, உங்களுக்கோ அவருக்கோ சார்வு செய்யப்பட்டதில் எது பிந்தியதோ அந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும். அவருக்குச் சார்வே ஆகவில்லை என்றால் அந்தக் கெடு இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை என்று அவர் தரப்பில் வாதாட முடியும். ஒன்பது மாதம் ஆகிவிட்டதே என்று நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

விசாரணை நோட்டீஸ் அவருக்குப் போனதற்கு ஆதாரம் வழக்குக் கோப்பில் இருக்கும். பாதுகாப்பு அலுவலர் தரும் சார்வு உறுதிமொழியே, மறுத்து நிரூபிக்கப்படும்வரை போதுமான சான்று என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. அதன் நகலையும் வாங்கி வையுங்கள். ஆனால் அது விசாரணைத் தேதிக்கான நோட்டீஸ். உத்தரவு சார்வானதற்குத் தனிச் சான்று வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

அடுத்து, உங்கள் உத்தரவின் வாசகத்தை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். 18-ஆம் பிரிவில் ஒரு பெண் வேலை செய்யும் இடத்துக்குள் நுழையத் தடை விதிக்கலாம், போன், மின்னஞ்சல் உட்பட எந்த வழியிலும் தொடர்பு கொள்ளத் தடை விதிக்கலாம். உங்கள் உத்தரவில் வேலை இடம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? பழைய அலுவலகத்தின் கதவு எண், தெருப் பெயரோடு எழுதியிருந்தால், புதிய அலுவலக வாசலில் நின்றது மீறலா என்று அவருடைய வக்கீல் கேட்பார். அப்படி இருந்தால் 25(2) பிரிவின் கீழ், சூழ்நிலை மாறியிருக்கிறது என்று சொல்லி உத்தரவைத் திருத்தக் கேளுங்கள். கேட்கும்போது புதிய முகவரியை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "மனுதாரர் பணிபுரியும் எந்த இடத்துக்கும், மனுதாரரின் மகள் படிக்கும் எந்தப் பள்ளிக்கும்" என்று பொதுவாக எழுதித் தரக் கேளுங்கள். மூன்றாவது ஊருக்குப் போனாலும் அந்த வரி உங்களோடு வரும். புதிய முகவரி நீதிமன்றத்துக்குத் தேவையென்றால் மூடிய உறையில் தரவும், எதிர்த்தரப்புக்குப் போகும் நகல்களில் அதை நீக்கவும் அனுமதி கேளுங்கள். இந்தச் சட்டத்தின் 28(2) பிரிவு, தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ள நடுவருக்கு இடம் தருகிறது.

மேலே சொன்ன மனுவில் புதிய ஊர் ஸ்டேஷனின் பெயர் வருமே, அது அவருக்குத் தெரிந்துவிடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான பயம். அவருக்கு உங்கள் அலுவலகமே தெரிந்துவிட்டதால் உங்கள் விஷயத்தில் பெரிய நஷ்டமில்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது இருக்குமிடம் தெரியாமல் வாழ்கிறீர்கள் என்றால், அந்தக் கோரிக்கையை மட்டும் மூடிய உறையில் கொடுங்கள்.

வாசலில் வந்து நின்றதற்கு இப்போதும் புகார் கொடுக்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறுவது 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 32-ஆம் பிரிவின்படி பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். புகாரைப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம், நேராகப் போலீசிடமோ நடுவரிடமோ கொடுக்கலாம். விதி 15 மூன்றையும் அனுமதிக்கிறது. இப்போதைய ஊரில் நடந்ததால் இந்த ஊர் நடுவரிடமே போகலாம். உத்தரவிட்ட நடுவரே விசாரிப்பது நல்லது என்று சட்டம் சொன்னாலும், "இயன்றவரை" என்ற சொல்லும் கூடவே இருக்கிறது. ஸ்டேஷனில் எல்லையைக் காட்டி மறுத்தால், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிற, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். அது 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதே சட்டத்தின் 193-ஆம் பிரிவின்படி, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும்.

அவர் கைதானால் அடுத்த பயம் ஜாமீன். வெளியே வந்த செய்தி உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும், சில சமயம் அவரே வந்து நின்றால்தான் தெரியும். விதி 15(9)-இன்படி, ஜாமீன் கொடுக்கும்போதே தொந்தரவு செய்யக்கூடாது, தொடர்பு கொள்ளக்கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். அதைக் கேட்க நீங்களோ உங்கள் வக்கீலோ அன்று அங்கே இருக்க வேண்டும். ஆகவே ஜாமீன் மனு வந்தால் தெரிவிக்கும்படி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வையுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தன் பேச்சைக் கேட்கவைக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் லக்கிம்பூர் கேரி வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை வக்கீல் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்பீல் போட்டாரா என்று பார்க்க, நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் தேடலாம். உங்கள் வழக்குக்கு 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும். ஆனால் அப்பீலுக்கு வேறு எண் விழும். பழைய எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காத மாதிரிதான் தெரியும். செஷன்ஸ் நீதிமன்றத்தில் உங்கள் பெயர், அவர் பெயர் இரண்டையும் போட்டுத் தேடச் சொல்லுங்கள். இன்னொன்று. அப்பீல் நோட்டீஸ் நீங்கள் காலிசெய்துவிட்டுப் போன பழைய வீட்டுக்குத்தான் போகும். கதவில் ஒட்டிவிட்டு, நீங்கள் ஆஜராகவில்லை என்று மேலே நடந்துவிடும். அதனால் தபால் முகவரியாக வக்கீல் அலுவலகத்தைக் கொடுத்து நீதிமன்றத்தில் ஒரு மெமோ தாக்கல் செய்துவிடுங்கள்.

உங்கள் போனைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆனால் நான் எல்லோரிடமும் இதைக் கேட்பேன். நீதிமன்றத்தில் கொடுத்த நம்பர் யார் பெயரில் வாங்கிய சிம்? அது அவர் பெயரில் இருந்தால், டூப்ளிகேட் சிம் வாங்க அவரால் முடியும். அப்புறம் வாய்தா குறுஞ்செய்தியெல்லாம் அவர் கையில். மின்னஞ்சல் பழைய வீட்டு லேப்டாப்பில் இன்னும் திறந்தபடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"தெரிவிக்க ஓர் ஏற்பாடே கிடையாதா" என்று கேட்டிருந்தீர்கள். இங்கே சட்டப்படி இல்லை. இருக்கவேண்டும், இருக்கவும் முடியும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 1993 டிசம்பரில் மேரி பைரன் என்ற பெண்ணைப் பழைய காதலன் சுட்டுக் கொன்றான். அவன் சிறையிலிருந்து வெளியே வந்ததை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த வருடமே அந்த ஊரில், கைதி வெளியே வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தானாகப் போன் போகும் முறை வந்தது. வைன் என்று பெயர். பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. பாதுகாப்பு உத்தரவு எதிர்த்தரப்புக்குச் சார்வானதும் செய்தி அனுப்பும் வசதியும் சில இடங்களில் அதோடு சேர்ந்தது.

அந்த நாட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாநிலத்தின் உத்தரவை இன்னொரு மாநிலத்தில் பதிந்தால், பாதுகாக்கப்பட்டவர் கேட்டாலொழிய, அந்தப் பதிவை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கக்கூடாது என்று அங்கே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்டவரையோ அவர் இருக்குமிடத்தையோ காட்டிக்கொடுக்கக்கூடிய பாதுகாப்பு உத்தரவு விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும் இணையதளத்தில் போடவும் கூடாது. இங்கே வெளிப்படைத்தன்மை என்றதும் எல்லாவற்றையும் தளத்தில் ஏற்றுவது என்று புரிந்துகொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உத்தரவு எந்த ஸ்டேஷனில் இருக்கிறது, யாருக்கு எப்போது சார்வானது, யார் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும். பணியில் இருக்கும் எந்த ஊர்ப் போலீசுக்கும் உத்தரவின் வாசகம் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை, அவருக்கு உங்கள் முகவரி தெரியவே கூடாது. மாநிலம் முழுக்க ஒரே பதிவேடு, அதில் இப்படி ஆளுக்கு ஓர் அளவு அனுமதி, சார்வானதும் உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி. இதைச் செய்யப் புதுச் சட்டம் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். உயர் நீதிமன்றத்தின் சுற்றறிக்கையும் காவல்துறையின் உத்தரவும் சேர்ந்தால் பெரும்பகுதி நடந்துவிடும். சமூக நலத்துறைக்கும் மாநில மகளிர் ஆணையத்துக்கும் உங்கள் அனுபவத்தைப் பெயர் மறைத்து எழுதுங்கள். தேதிவாரியாக, எந்த மேசையில் என்ன பதில் வந்தது என்று எழுதினால் அவர்களால் ஒதுக்க முடியாது. பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொல்லி 2025-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருப்பதால், இதைப் பேச இது நல்ல நேரமும்கூட.

கடைசியாக, அலுவலகத்தில் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள், ஆனால் எல்லோரிடமும் வேண்டாம். மனிதவள அதிகாரி ஒருவர், வாசல் காவலாளி, வரவேற்பு மேசையில் இருப்பவர், இவர்கள் போதும். உத்தரவு முழுவதையும் யாரிடமும் தராதீர்கள். அதில் உங்கள் வீட்டு விஷயம், மகளின் பெயர் எல்லாம் இருக்கும். மேலே சொன்ன ஒரு பக்கக் கடிதத்தில் முகவரியை மறைத்து ஒரு பிரதியும், அவருடைய புகைப்படமும் கொடுங்கள். அவர் வந்தால் உள்ளே விடக்கூடாது, உங்களைப் போனில் கூப்பிட்டு வெளியே வரச் சொல்லக்கூடாது, 112-க்கு அழைக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். வந்து நின்ற அன்றைய கேமரா பதிவு இன்னும் அழியாமல் இருந்தால் அதை நாளைக்கே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் சில வாரத்தில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும், உங்களுக்கோ ஏற்கெனவே ஒரு மாதம் ஆகிவிட்டது.